நிலத்தடிச் செல்வம் யாருடையது?

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது உணவைப் போன்றதொரு தேவை. அந்நகர சபை இதற்கு நிலத்தடியிலேயே வழி கண்டது. 1930இல் லௌகார்டலூர் என்னுமிடத்து வெந்நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் அளித்தது. இத்தகைய வேலையில் துளையிடவும் குழாய் பதிக்கவும் பெரும்பணம் முதலிலேயே வேண்டும். வருவாயோ பல ஆண்டுகளாகச் சிறு கட்டணங்களாய் வந்துசேரும். நகர சபையே முதலிட்டது, உடைமையும் நகரத்தாருடையதாயிற்று.

கம்மாபுரத்தில் வெந்நீர்க் குழாயை எவரும் வேண்டார். சித்திரை வெயிலே போதும். ஆயினும் நிலத்தடியிலுள்ள வெப்பத்தை எடுக்க முதலிடுவோர் யார், அதற்கு உரியவர் யார் என்னும் வினா இவ்வட்டாரத்திலும் எழுந்தது. இங்கே அவ்வெப்பம் பழுப்பு நிலக்கரியின் வடிவில் கிடந்தது.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரும்பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அது இன்னதென்று நிறுவவும் அளந்தறியவும் ஏறத்தாழ இருபதாண்டுகள் சென்றன. கரியின்மேல் கிடந்த மண்ணைப் பெயர்க்க இராட்சத இயந்திரங்கள் வேண்டும். அடியிலோ ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. அதை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கம் நில்லாது. கரி கண்ணில் படுமுன்னரே கோடிகளை மண்ணில் கொட்ட வேண்டிய தொழில் இது. சென்னை மாநில அரசு தொடக்க ஆய்வுகளைத் தாங்கிற்று. முழுச்சுமையையும் தாங்க மைய அரசு வந்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு அமைந்த அனல் நிலையத்தின் முதற்பிரிவு மின்சாரம் தந்தது.

முதலிட்டவர் மைய அரசு. எனவே உடைமையாளரும் அதுவே. ஆனால் பங்கு என்பது விற்கத்தக்க பொருள் அன்றோ! 2006இல் பத்து விழுக்காட்டை விற்கும் எண்ணம் தோன்றியபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழகத்தின் எதிர்ப்பால் பிரதமர் மன்மோகன் சிங் அதனை நிறுத்தி வைத்தார். 2013இல் சிக்கல் மீண்டும் வந்தது. பட்டியலிடப்பட்ட அரசு நிறுவனங்களில் பத்து விழுக்காடேனும் பொதுமக்களிடம் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய பங்குச்சந்தை விதி. அப்போது முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு ஒரு வழி கண்டது. மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டுப் பங்கை ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. விதியும் நிறைவேறிற்று, பங்கும் தனியாரிடம் செல்லவில்லை. தன் மண்ணிலிருந்து தோண்டப்பட்ட செல்வத்தில் மிகச் சிறுபகுதியை மாநிலம் விலைகொடுத்து வாங்க நேர்ந்ததை எண்ணுகையில் நகைப்பும் தோன்றுகிறது, வருத்தமும் தோன்றுகிறது.

மற்றொரு தரப்பினரும் இதில் முதலிட்டவரே. அவர்களை நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. பணத்தை அரசு கொடுத்தது. வயலை உழவர் கொடுத்தனர். பணத்துக்குப் பங்குப் பத்திரம் கிடைத்தது. வயலுக்கு ஒருமுறை இழப்பீடும், சில குடும்பங்களுக்கு வேலையும் கிடைத்தன. விலைபேசி வாங்கிய பொருளுக்கு அப்பால் உரிமையில்லை என்பது வணிக நியாயம். ஆனால் சுரங்கம் தலைமுறைகள் கடந்து பயன்தரும். இழப்பீட்டுத் தொகையோ ஒரு தலைமுறைக்குள்ளேயே தீர்ந்துவிடும். நிலத்தின் மதிப்பில் ஒரு பகுதியைப் பங்காகவே கொடுத்திருந்தால் இவ்வுழவரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆண்டுதோறும் இலாபப்பங்கு பெறுவர். கணக்குக்கு ஒவ்வாத யோசனை அன்று இது. 1956இல் இதனை எழுதிச் சேர்க்க ஒரு பத்தி போதுமாயிருந்திருக்கும்.

2023 ஜூலையில் மேல் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். உழவர் சுட்டிக்காட்டியது அந்நிலத்தில் வளர்ந்து நின்ற நெற்பயிரை.