பெரிய பாரும் செவல் பாரும்

கிள்ளான் ஆற்று முகத்திலும் கோலசிலாங்கூரிலும் கடல்நீர் வற்றும் வேளையில் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை சேறு தோன்றும். கெராங் என்னும் மட்டிக்கு அச்சேறே வாழ்விடம். 1948இல் பேராக் கடற்கரையில் தொடங்கிய கெராங் வளர்ப்பில், அலையடங்கிய மென்சேற்றைத் தேர்ந்து குஞ்சுகளை விதைப்பதே தலையாய பணியாயிற்று. முத்துச்சிப்பியின் இயல்போ முற்றும் வேறு. அது நூல்போன்ற இழைகளால் கல்லைப் பற்றி வாழ்வது. மணல் மூடினால் மாண்டுவிடும். அதற்கு ஏற்ற இடம் காண்பது எத்துணை அரிது என்பதை மன்னார் வளைகுடாவின் வரலாறு காட்டுகிறது.

அக்கடலடியிலுள்ள கற்பாறைத் திட்டுகளைத் தமிழர் ‘பார்’ என்றனர். முத்துக்குளிப்பைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளும் அச்சொல்லையே எடுத்தாண்டன. அதனினும் பொருத்தமான சொல் அவற்றை எழுதியோர்க்குக் கிட்டவில்லை போலும்!

இலங்கைப் பக்கத்தில் 1891க்குப்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குளிப்பே நடைபெறவில்லை. காரணம் ஆராய, லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902 சனவரியில் வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவ்வாண்டு மார்ச்சில் பெரிய பாரில் எண்ணிலடங்கா இளஞ்சிப்பிகள் அப்பிக் கிடந்தன. நவம்பரில் மீண்டும் பார்த்தபோது அவற்றுள் ஒன்றும் இல்லை. பழைய பதிவுகளைப் புரட்டியதில், 1880 முதல் அங்கே பன்முறை குஞ்சு படிந்தும் ஒருமுறையேனும் குளிப்பு நிகழவில்லை எனத் தெரிந்தது. பெயரளவில்தான் அது பெரிய பார்! கடலடி திடீரெனச் சரியும் விளிம்பில் கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் முழுவதும் அதன்மேல் விழுகிறது.

ஆகவே, அங்குப் படியும் குஞ்சுகளை வாரி, காப்புடைய செவல் பார் போன்ற இடங்களுக்கு மாற்றுதல் வேண்டும் என்றார் ஹெர்ட்மன். நெருக்கமாய் உள்ளவற்றைக் கலைத்துவிடவும், பற்றுக்கோடில்லாத மணற்பரப்பில் கல்லும் பழைய சிப்பியோடும் தூவவும் சொன்னார்.

1903 முதல் 1907வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஆயினும் இதனை இடமாற்றத்தின் பயனென்று கொள்ளுதல் தவறு. அவற்றுட் பெரும்பாலன முன்னரே இயல்பாகப் படிந்து வளர்ந்தவை. 1906இல் இருபதாண்டுக் குத்தகை பெற்ற ஆங்கிலக் கும்பினிக்கு 1907க்குப்பின் ஒரு நல்ல குளிப்பும் வாய்க்கவில்லை. முதிர்ந்தவற்றை இப்படி அள்ளியபின் கருவிடுவதற்கு எவை எஞ்சும் என்பது எண்ணத்தக்கது.

தூத்துக்குடிப் பக்கத்திலும் 1961உடன் குளிப்பு நின்றது. அங்குள்ள நடுவண் கடல் மீன்வள ஆய்வாளர்கள் 1981இல் பொரிப்பகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உண்டாக்கினர். பின்னர் அவற்றைப் பார்களிலும் விதைத்துப் பார்த்தனர். குஞ்சுக்குப் பஞ்சம் நீங்கிற்று. எந்தப் பாரில் விடுவது என்ற ஹெர்ட்மன் காலத்து வினாவோ அவர்கள்முன்னும் வந்து நின்றது.