சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள்: கணக்கெடுப்பும் பள்ளி வசதியும் (இந்தியா)

உடற்குறையோ அறிவுவளர்ச்சிக் குறையோ உள்ளவர்களை இந்திய அரசு எண்ணிவந்த முறையும், அத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளிகளில் கிடைத்த இடமும் இத்தலைப்பில் அடங்கும்.

தொடக்கம்: 1872 முதல் 1931 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘குறைபாடுகள்’ என்றொரு பத்தி இருந்தது. மனநோய், காதும் பேச்சும் இல்லாமை, பார்வையின்மை, தொழுநோய் என நான்கே வகை. பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து எடுத்த கணக்கல்ல அது. குழந்தையின் படிப்பைப் பற்றி அந்தப் பத்தி எதுவும் கேட்கவில்லை. குடும்பத் தலைவர் சொன்னதைக் கணக்கர் எழுதிக்கொண்டார். தொழுநோயை, அதுவும் பெண்களுக்கு வந்ததை, வீட்டார் மறைத்தார்கள். பிறவியிலேயே காது கேளாத கைக்குழந்தையை இனங்காணவும் வழியில்லை. எனவே அந்த எண்களைக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும்.

பள்ளிகள் இந்தக் கணக்கைப் பார்த்து எழவில்லை. காதுகேளாதோருக்கு 1885இல் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும், பார்வையற்றோருக்கு 1887இல் அமிர்தசரஸிலும் பள்ளிகள் தோன்றின. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியும் இக்காலத்ததே. சமயத் தொண்டர்களும் ஊர்ப் பெரியவர்களும் முனைந்த இடங்களில்தான் பள்ளி வந்தது. மற்ற ஊர்க் குழந்தைகள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இடைவெளி: 1941இல் அந்தப் பத்தி நீக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த மூன்று கணக்கெடுப்புகளிலும் அது இல்லை. உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் முழுக் குறைகளில் மூன்று வகை மட்டும் கேட்கப்பட்டு, ஏறக்குறைய 11 லட்சம் பேர் பதிவாயினர். அதே ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு சொன்ன எண்ணிக்கையோ சுமார் 1.2 கோடி. முழுக் குறையை மட்டும் கேட்டால் முழுக் குறை மட்டுமே பதிவாகும். பள்ளியில் தடுமாறும் குழந்தை அதில் வராது. 1991இல் கேள்வி மறுபடியும் விடுபட்டது. ஊனமுற்றோர் அமைப்புகள் போராடியதால் 2001இல் திரும்பி வந்து 2.19 கோடிப் பேரையும், 2011இல் எட்டு வகைகளுடன் 2.68 கோடிப் பேரையும் காட்டியது. அந்த எட்டிலும் கற்றல் குறைபாட்டுக்குத் தனி இடமில்லை.

பள்ளி ஏற்பாடு: இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தை நடுவணரசு 1974இல் தொடங்கியது. எல்லாரோடும் அமர்ந்து படிப்பதே முறையான கல்வி. தனிப்பள்ளி அதற்குத் துணை. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏற்ற 7 வகைகளை 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் புற உலகச் சிந்தனையற்ற நிலையையும் (ஆட்டிசம்) சேர்த்தது. இச்சட்டப்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறை இருந்தால் 6 முதல் 18 வயது வரை அண்டைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறலாம். அந்த அளவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இவ்வுரிமை எட்டவில்லை என்பது பெருங்குறை.

இன்று: பள்ளிகள் பற்றிய நாடளாவிய தகவல் பதிவான யுடைஸில் பள்ளிகள் ஆண்டுதோறும் விவரம் தருகின்றன; வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்குச் சென்றுவருகின்றனர். தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கும், மேல்வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று 2022இல் நடுவணரசு வரையறுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளைக் கணக்கெடுத்து, தேவைகள் எவ்வளவு நிறைவேறின என்று பார்க்கவேண்டும் என 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது.