பல்லுக்கு கேப் போடும் முன் ஏன் செதுக்குகிறார்கள்? ஒரு தங்கக் கூட்டின் வரலாறு

1/ "வேர் சிகிச்சை முடிஞ்சுது டாக்டர். கேப் போட பல்லைச் சுத்தி ராவணும்ங்கறாங்க. இருக்கற பல்லையும் எதுக்குக் குறைக்கணும்?" பொது மருத்துவர்களிடமும் வரும் நியாயமான கேள்விதான் இது. இதற்கான பதில் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டையில் இருக்கு. அந்தச் சண்டையைக் கிளப்பியவரும் பல் மருத்துவர் இல்லை, பொது மருத்துவர்!

2/ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் தங்கப்பல் பெரிய கௌரவம். மெல்லிய தங்கத் தகட்டை அடித்து, பல் வடிவில் ஒரு கூடு செய்து, சிமென்ட் தடவி மாட்டிவிடுவார்கள். பல்லைச் செதுக்குவது பெரும்பாலும் பெயருக்குத்தான்.

3/ இதில் என்ன சிக்கல்? நம் கடைவாய்ப் பல் நடுவில் புடைச்சு, ஈறுகிட்ட இடுப்பு மாதிரி குறுகும். புடைப்பைத் தாண்டி இறங்கணும்னா கூடு அகலமா இருக்கணும். அப்போ ஈறு ஓரத்தில் சுத்திலும் இடைவெளி விழும். அதில் உணவுத் துணுக்கு, கிருமி, கடைசியில் சீழ். வெளியே மின்னும், உள்ளே அழுகும்.

4/ 1910. கனடாவின் மெகில் பல்கலைக்கழகம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் மேடையேறி, இந்தத் தங்க வேலைகளெல்லாம் சீழ் மேல் கட்டிய சமாதிகள் என்கிற பொருளில் வெளுத்து வாங்கினார். ரத்தசோகை முதல் பல நோய்களுக்கு வாய்க்கிருமியே காரணம் என்பது அவர் வாதம்.

5/ அவர் பார்த்த அழுக்கு உண்மை. ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. மூட்டுவலியா? பல்லைப் பிடுங்கு. காரணம் தெரியாத காய்ச்சலா? பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், மனநோய் தீரும் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அதோடு நிற்காமல் பெருங்குடலையும் வெட்டினார். பலர் இறந்தார்கள்.

6/ 1938-இல் ரஸ்ஸல் செசில், ஆஞ்ஜிவைன் இருவரும் 200 முடக்குவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லைப் பிடுங்கியதால் பெரிய பலன் இல்லை என்று எழுதினார்கள். செசில் முன்பு இதே கொள்கையை ஆதரித்தவர்! அதற்குள் எத்தனையோ நல்ல பற்கள் குப்பைக்குப் போயிருந்தன.

7/ சரியான தீர்வு பல்லைப் பிடுங்குவது இல்லை, கேப்பைச் சரியா பொருத்துவதுதான். 1907-இல் வில்லியம் டாகர்ட், மெழுகு அச்சில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். நம்ம ஐம்பொன் சிலை வார்ப்பும் இதே தத்துவம்தான். ஆனா வார்த்த கேப் ஓரம் வரை கச்சிதமா உட்காரணும்னா பல்லில் புடைப்பு இருக்கக் கூடாது. அதனாலதான் செதுக்கல்.

8/ இன்று பாடநூல்கள் சொல்லும் விதிகள் இந்த அனுபவங்களின் சாரம்:

• பிடிமானம்: எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கினா இறுகிக்கும், வாயகன்ற கிண்ணம் சட்டுனு கழன்டு வரும். பல்லின் பக்கங்களும் டம்ளர் மாதிரி, கிட்டத்தட்ட நேராக, லேசான சாய்வோடு இருக்கணும்.
• உறுதி: கேப்புக்குத் தடிமன் வேணும். உலோகக் கேப் என்றால் மெல்லும் பரப்பில் சுமார் 1 முதல் 1.5 மி.மீ. இடம் தேவை. இல்லைன்னா தேஞ்சு ஓட்டை விழும், அல்லது கடிக்கும்போது இடிக்கும்.
• ஓரம்: பல்லும் கேப்பும் சேருமிடத்தில் இடைவெளி கூடாது. ஹண்டர் கண்ட சீழ் பிறந்த இடம் இதுதான்.
• ஈறு: முடிந்தவரை ஓரம் ஈறுக்கு மேலேயே நிற்கட்டும். சுத்தம் செய்ய எளிது.
• சிக்கனம்: தேவைக்கு மேல் ஒரு துளி பல்லும் போகக் கூடாது.

9/ கடைசி விதி ஏன்? 1957-இல் ஜான் போர்டனின் காற்றுச்சுழலி வந்தது. நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று. செதுக்குவது எளிதானது, அதிகமா செதுக்குவதும் எளிதானது! 1965-இல் ஸாக், கோஹன் குரங்குப் பற்களில் சோதித்தார்கள். பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே சுமார் 15% பற்களில் கூழ் செத்தது. ராவும்போது தண்ணீர் பீய்ச்சுவது இதற்காகத்தான்.

10/ ஆக, குறைவாச் செதுக்கினா ஈறு போகும். கூடுதலாச் செதுக்கினா பல்லே போகும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லைக் காக்க ராவுகிறார்கள் என்றால் பயப்படாதீங்க. ஆனா சிரிப்பு அழகா தெரியணும்னு மட்டும் ஆரோக்கியமான பற்களை வரிசையா ராவச் சொன்னா, "இதைவிடக் குறைவா செதுக்கிச் செய்ய வழி இருக்கா?"ன்னு கேளுங்க. ஒருமுறை போன எனாமல் திரும்ப வளராது.