யாழ்ப்பாணத்தில் அரசாங்க வெளியீடுகள்

வர்த்தமானி, ஹன்சாட், சட்டத் தொகுதிகள், அமர்வுப் பத்திரங்கள், திணைக்களங்களின் நிருவாக அறிக்கைகள், குடிசன மதிப்பீட்டு அறிக்கைகள் முதலியவை அரசாங்க வெளியீடுகள் எனப்படும். இலங்கையின் முதல் அரசாங்க வர்த்தமானி 1802 மார்ச் 15இல் அச்சாயிற்று. குடாநாட்டில் இவற்றைத் தேடுவோர் இன்று திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தை நாடுகின்றனர்.

இவ்வெளியீடுகள் ஆய்வாளருக்கு மட்டும் உரியவை அல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குச் சட்டவலு அளித்த 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியும், அதன் சொத்துரிமை விதிகளை மாற்றிய 1911, 1947ஆம் ஆண்டுச் சட்டங்களும் யாழ்ப்பாணக் காணி, சீதன வழக்குகளின் அடித்தளம். 1869 முதல் 1896 வரை வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த டுவைனம் காலத்து ஆண்டறிக்கைகள் மழை, விளைச்சல், நோய், தெரு, குளம் எனக் குடாநாட்டு வாழ்வை ஆண்டுதோறும் பதிந்தன. எழுதியவர் ஆட்சியாளர், வரி கொடுத்த கமக்காரனின் குரல் அவற்றில் அரிது. ஆயினும் அவற்றை விட்டு அந்த நூற்றாண்டின் யாழ்ப்பாணப் பொருளாதார வரலாற்றை எழுத இயலாது.

அரசாங்க அச்சகம் கொழும்பில் இருந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களைப் பதிந்து பாதுகாக்க 1885இல் சட்டம் வந்தபோது, அவை கொழும்பு அரும்பொருட் சாலை நூலகத்தைச் சென்றடைந்தன. பிற்காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகமும் வைப்பு நூலகமாயிற்று. வடக்கைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்க வடக்கார் தெற்கே ரயிலேற வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் தொடக்கமான யாழ்ப்பாண வளாகமே வர்த்தமானி அறிவித்தலொன்றால் 1974 ஆகஸ்ட் 1 முதல் நிறுவப்பட்டதுதான். பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய அது 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட பின், பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பு பன்மடங்கு கூடியது. ஆனால் தொடர் வெளியீடுகள் இடையறாது வந்துசேர்ந்தால்தான் பயன். போர் தெருவை மூடியது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது.

வெளியீடே இல்லாத காலமும் உண்டு. 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது, அவற்றுள் யாழ்ப்பாணம் இல்லை. 1981, 2012 மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட காலத்து யாழ்ப்பாண மக்கள்தொகையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வெளியிட்ட புள்ளிவிபரக் கையேடுகளையே துணைகொள்ள வேண்டும். மெலிந்த அட்டையுடைய அக்கையேடுகள், பல பெருநூல்களைவிடக் கவனமாகப் பாதுகாக்கத் தக்கவை.

2013இல் தெரிவான வட மாகாண சபையின் நியதிச்சட்டங்கள் இவ்வகை வெளியீடுகளில் பிந்தியவை. அண்மைக்கால வர்த்தமானிகள் இணையத்தில் கிடைக்கின்றன; பழைய தொடர்கள் பலவற்றுக்கு இன்னும் அச்சுப்படியே ஆதாரம்.