வலியைக் கூட்டிப் பார்த்தவர்கள்

"வலி எப்படி இருக்கு?" மருத்துவமனையில் சாதாரணமாகக் காதில் விழும் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1950களில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ரேமண்ட் ஹூட் என்ற மருத்துவர் புற்றுநோயாளிகளிடம் வலிநிவாரணிகளைச் சோதித்தார். புள்ளியியலுக்கு ஸ்டான்லி வாலன்ஸ்டீன். கட்டிலருகே நின்று கேட்டவர் தாதி ஏடா ராஜர்ஸ். நம்மூர்ப் பேச்சில் மிஸ்ஸி. மணிக்கு ஒருமுறை கேள்வி. கடும் வலி என்றால் 3, நடுத்தரம் 2, லேசு 1, இல்லையென்றால் 0. கொடுத்தது எந்த மருந்து என்று கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது. ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு மருந்து கொடுத்து, அவரை அவரோடே ஒப்பிட்டார்கள். என்னுடைய 3 உங்களுடைய 3 ஆகாது இல்லையா?

மருந்துக்கு முன்பிருந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்து எண்ணையும் கழித்து, வித்தியாசங்களைக் கூட்டினால் ஒரு மருந்துக்கு ஒரே எண் கிடைக்கும். வசதிதான். ஆனால் எனக்கு இடறுவதும் அங்கேதான். ஒருவருக்கு வலி முதல் மூன்று மணிகளில் முறையே 3, 2, 1 புள்ளி குறைந்திருந்து, பிறகு மூன்று மணி நேரம் பழையபடி வலித்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 6. இன்னொருவருக்கு ஆறு மணி நேரமும் ஒவ்வொரு புள்ளி குறைந்தது. அதுவும் 6. முதலாமவர் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருப்பார். அடுத்தவருக்கு ஒரு நிமிடம்கூட வலி முழுசாகப் போகவில்லை. கூட்டுத்தொகைக்கு இரண்டும் ஒன்று.

இதைவிடச் சிக்கலானவை காலிக் கட்டங்கள். மருந்து குமட்டுகிறது என்று இரண்டாம் மணியிலேயே ஒருவர் விலகிவிட்டால், மீதி நான்கு கட்டங்களில் என்ன எழுதுவது? கடைசியாகச் சொன்ன எண்ணையே இழுத்து நிரப்புவது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. அந்தக் கணத்தில் வலி லேசாக இருந்திருந்தால், தாங்க முடியாமல் விட்ட மருந்துக்கே கடைசி மணி வரை நல்ல மார்க் விழும்! 1982இல் நான் லெயர்ட், ஜேம்ஸ் வேர் இருவரும் விளக்கிய முறையில் ஆளுக்கொரு கோடு உண்டு. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து நிரப்பாதீர்கள் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு அறிக்கை சொன்னது 2010இல்.

அந்த முறையும் மந்திரமல்ல. ஒருவர் ஏன் விலகினார் என்பதை யாராவது கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கணக்கு எவ்வளவு வளர்ந்தாலும், மணிக்கு மணி வந்து கேட்கும் அந்த மிஸ்ஸியின் வேலை குறையவில்லை என்றே நினைக்கிறேன்.