பரிசுத்தமாகுதல்: கெடா தமிழ் மெதடிஸ்டு மரபு

விசுவாசி கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாக வாழ்நாளெல்லாம் மாற்றப்படுவதே பரிசுத்தமாகுதல் எனப்படும்; சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய மலேசியாவின் கெடா மாநில நகரங்களின் தமிழ் மெதடிஸ்டு சபைகள் இப்போதனையை ஜான் வெஸ்லியின் (1703–1791) மரபிலிருந்து பெற்றன. தகுதி பாராமல் இறைவன் அருளும் தயவாகிய கிருபை, மனிதன் நாடுமுன்பே அவனைத் தேடி வருகிறது என்றும், விசுவாசத்தின் வழியே பாவமன்னிப்பளித்து அவனை நீதிமானாக்குகிறது என்றும், பின்னர் இறையன்பிலும் பிறரன்பிலும் நிறைவை நோக்கி நடத்துகிறது என்றும் வெஸ்லி விளக்கினார். நற்செயல் மீட்பை ஈட்டித் தருவதில்லை, மீட்கப்பட்டவரிடம் விளைவது. ஆயினும் செபம், வேதவாசிப்பு, உபவாசம், திருவிருந்து ஆகிய கிருபையின் சாதனங்களை நெகிழவிடலாகாது என்று அவர் வற்புறுத்தியதே இப்போதனையின் உயிர்நாடியாகும். முயற்சியும் கிருபையைச் சார்ந்திருத்தலும் இங்கு முரண்படுவதில்லை.

விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று, வெட்டிய பாலின் அளவாலும் பிறந்த சாதியாலும் மதிக்கப்பட்ட இப்பகுதி ரப்பர் தோட்டத் தொழிலாளருக்கு, தகுதி கேளாத தயவு என்னும் செய்தி வெறும் கோட்பாடாக இருந்திருக்க இயலாது. ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. 1968இல் மலேசிய-சிங்கப்பூர்த் திருச்சபையின் பகுதியாகத் தன்னாட்சி பெற்ற மலேசிய மெதடிஸ்டு திருச்சபையில் தமிழ்ச் சபைகள் தமிழ் ஆண்டு மாநாட்டின்கீழ் இயங்குகின்றன.