ஊவாத் தோட்டங்களிற் கட்டும் சுற்றும்

கல், மரம், உலோகம் ஆகியனவே சிற்பத்துக்குரிய பொருள்கள் என்பது நெடுங்காலக் கொள்கை. நாரும் நூலும் துணியும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இந்நிலை மாறியது. போலந்து நாட்டு மக்தலேனா அபகனோவிச் (1930–2017) 1960களில் நெய்து தொங்கவிட்ட பேருருவங்களும், இந்தியாவின் மிருணாளினி முகர்ஜி (1949–2015) நார்க்கயிற்றை முடிச்சிட்டு எழுப்பிய உருவங்களும் சிற்பமென்றே ஏற்கப்பட்டன. இத்தகைய ஆக்கங்களுக்கு அடிப்படையானவை இணைத்தல், சுற்றுதல் என்னும் இரு செய்கைகளாகும். இவற்றைக் கலையெனப் பெயரிடாமலே தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தோருள் பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர்.

ஊவாவின் தோட்ட வரலாறு கோப்பியுடன் தொடங்குகின்றது. 1869இல் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. கோப்பி அழியத் தேயிலை பரவியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாருடன் வந்தோருக்கு மலைக்குளிர் புதிது. அரிசியும் கம்பளியும் அவர்களுக்கு முற்பணமாக வழங்கப்பட்டன. அவற்றின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. கடனைக் காட்டும் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளி தோட்டம் மாறும்போது கடனும் அவருடனேயே சென்றது. ஆதலின் தோட்டக் கணக்கேட்டில் துணி கடனாகவே இடம்பெற்றது. அத்துணியைக் கொண்டு மக்கள் என்ன செய்தனர் என்பதை அறியக் கணக்கேடு உதவாது. அவர்தம் உடையையும் வழிபாட்டையுமே நோக்கவேண்டும்.

கம்பளியின் ஒரு முனையை மடித்துக் கூம்பாக்கித் தலையில் இட்டு, எஞ்சிய பகுதியை முதுகில் தொங்கவிட்டால் அது கொங்காணியாகும். ஊசியோ நூலோ இன்றி, மடிப்பொன்றினாலேயே தட்டையான துணி உருவம் பெறுகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கும் இத்தகையதே. தடித்த அவ்வுறை செடியின் ஈரத்தையும் கிளைகளின் கீறலையும் தடுக்கின்றது. முதுகுக் கூடையின் கயிறு தலையிற் படியுமிடத்தில் மடித்த துணி இருக்கும். அது கயிற்றின் அழுத்தத்தைப் பரப்பிப் பாரத்தைத் தாங்க உதவும். மேனியே சட்டகமாக, துணியும் கயிறும் அதன்மேல் அமைந்த கட்டடமாக இவ்வுடையைக் கொள்ளலாம்.

வெட்டித் தைத்த துணிக்கு ஒரு பயனே உண்டு. சுற்றிக் கட்டிய துணியோ அவிழ்த்தவுடன் பழைய நிலைக்கு மீள்கின்றது. உடுத்த சேலையே லயக் காம்பிராவில் குழந்தைக்கு ஏணையாகும், மூட்டையாகும், கிழிந்தபின் கயிறாகவும் திரியும். உடைமை மிகக் குறைந்த மக்களிடையே சுற்றும் முறை வளர்ந்ததற்கு வறுமை ஒரு காரணம். ஆயினும் அதனை முழுக் காரணமெனக் கூறுதல் பொருந்தாது. தேவைக்கு அப்பாற்பட்ட வழிபாட்டிலும் கூத்திலும் அதே கைவினை இன்னும் நுண்மையாக வெளிப்படுகின்றது.

மாசி மாதத்தில் ஊன்றப்படும் காமன் கம்பம் இதற்குத் தக்க சான்று. கரும்பு, ஆமணக்கு முதலியவற்றை ஒன்றுசேர்த்து வைக்கோற் புரியாற் சுற்றிக் கட்டுவர். தோட்டத்துக்குத் தோட்டம் சேர்க்கும் பொருள்கள் வேறுபடுவதுண்டு. தனி வைக்கோல் குட்டையானது, வலுவற்றது. முறுக்கும்போது ஒன்றையொன்று நெருக்கி உராய்வதால் அவை நீண்ட புரியாகின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகின்றது. பசையும் ஆணியும் இன்றிக் கம்பம் நிற்பதற்கு இதுவே காரணம். தேயிலை மலையில் நெல் விளைவதில்லை. வைக்கோல் பள்ளத்தாக்கின் வயல்களிலிருந்தே வரவேண்டும். ஆகவே காமன் கம்பத்தில் மலையும் அதன் அடிவாரக் கிராமமும் சேர்ந்தே முறுக்கப்பட்டுள்ளன எனலாம். மாரியம்மன் திருவிழாவிற் கும்பத்துக்கு நூல் சுற்றுவதும், கரகத்தில் வேப்பிலையையும் பூவையும் அடுக்கிக் கட்டுவதும் இம்மரபின் பிற வடிவங்களாம்.

கலைக்கூடத்து நார்ச்சிற்பத்துக்கும் காமன் கம்பத்துக்கும் செய்முறையில் உறவுண்டு, முடிவில் வேற்றுமையுண்டு. முன்னது பாதுகாக்கப்படுவதற்கென ஆக்கப்படுகின்றது. பின்னதோ காமதகனத்தில் எரிக்கப்படுவதற்கென்றே கட்டப்படுகின்றது. பொருள் எஞ்சாதவிடத்து எஞ்சக்கூடியது கற்ற கை ஒன்றே. அக்கையின் தொடர்ச்சியை அரசியல் பலமுறை அறுத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1974இல் எஞ்சிய 150,000 பேர் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்களிற் புரி முறுக்கக் கற்பித்தவர் ஒரு கரையிலும் கற்கவேண்டியவர் மறு கரையிலும் நின்றிருத்தல் கூடும். கம்பளி இருந்த இடத்துக்குப் பொலித்தீனும், நார்க்கயிறு இருந்த இடத்துக்கு நைலோனும் வந்தன. மழையிலே பாடுபடுவோர் இலேசான உறையை விரும்புவதைக் குறை கூறுவதற்கில்லை. பழைய பாரத்தைச் சுமக்காதவர் அதனை மரபென்று போற்றுவது எளிது.

வாய்மொழி இலக்கியத்துக்கு நேர்ந்த பேறு இக்கைவினைக்கு நேரவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தமையால் மலைநாட்டு மக்களின் பாடல்கள் அச்சேறின. முடிச்சை அவ்வாறு ஏட்டில் எழுதிவைத்தல் எளிதன்று; கட்டுபவரின் அருகிலிருந்து படிப்படியாக வரையவும் படம்பிடிக்கவும் வேண்டும். 2023இல் மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டபோது உழைப்பும் உரிமையும் பேசப்பட்டன, அவை பேசப்படவேண்டியனவே. அவற்றுடன் இம்மக்களின் படைப்பாற்றலும் வரலாற்றில் இடம்பெறல் வேண்டும். கணக்கேட்டிற் கடனாளியாக மட்டும் பதிவானவர் உருவம் சமைத்தவராகவும் இருந்தார் என்பதற்குக் கம்பளியின் மடிப்பும் வைக்கோலின் முறுக்கும் சான்றாகும். அச்சான்றைத் தேடவேண்டிய இடம் ஆவணக் காப்பகமன்று; மாசி வளர்பிறையில் கம்பம் கட்டப்படும் தோட்டத்து முற்றமே.